ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய பெட்ரோல் அம்பாசடரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் அந்த வண்டிகளில் ஒன்றிரண்டு காலையில் கிளம்ப மறுக்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் முதலில் கை வைக்கும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர். கழற்றுவார், துடைப்பார், பாயிண்ட்டைத் தேய்ப்பார், திரும்ப மாட்டுவார். சில சமயம் அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் தொடங்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், பிளக்கில் பொறி வரும், பெட்ரோலும் வரும், ஆனாலும் எஞ்சின் பிடிக்காது. கார்பரேட்டர் வழியாக ‘டப்’ என்று ஒரு முறை திருப்பி அடிக்கும். “கழற்றின மாதிரியேதானே மாட்டினேன்” என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

மாட்டும்போது மாறிப்போனது ஒரு கோணம். அந்தக் கோணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிந்துவிட்டால், இந்த வேலையில் தடவிப் பார்த்து ஊகிக்க வேண்டியது மிகக் குறைவு.

அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடியது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த 1489 சி.சி. எஞ்சின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89 மில்லிமீட்டர். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும், பிஸ்டன் மேலேறி அதை அழுத்தும், பொறி விழும், எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும், பிறகு புகை வெளியேறும். பள்ளிப் பாடத்தில் இதைப் படித்தவர்கள் எல்லோர் மனதிலும் ஒரு தவறான படம் பதிந்திருக்கும்: பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் பொறி விழுகிறது, உடனே வெடிக்கிறது என்று. சரியாக ஓடும் எஞ்சினில் அது வெடிப்பும் அல்ல, உடனே நடப்பதும் அல்ல. தீ ஓர் ஓரத்தில் பிறந்து, மறு ஓரம் வரை பரவுகிறது. பரவ நேரம் வேண்டும்.

எவ்வளவு நேரம்? அசைவில்லாத பெட்ரோல் கலவையில் தீ முன்னேறும் அடிப்படை வேகம் நொடிக்கு சுமார் 40 சென்டிமீட்டர்தான். 7 சென்டிமீட்டரைக் கடக்க அந்த வேகம் மட்டுமே துணை என்றால், நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் எட்டு முறைக்கு மேல் சுற்றி முடித்திருக்கும். எஞ்சின் என்ற ஒன்றே இருந்திருக்காது. நம்மைக் காப்பாற்றுவது சுழல். வால்வு வழியாகப் பாய்ந்து உள்ளே வரும் கலவை சிலிண்டருக்குள் சுருண்டு கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்பு தீயின் முகத்தைக் கசக்கி, மடித்து, அதன் பரப்பைப் பல மடங்காக்குகிறது. எரிந்து விரியும் வாயுவும் பின்னாலிருந்து தள்ளுகிறது. இவையெல்லாம் சேர்ந்துதான் எரிதல் இரண்டு மூன்று மில்லிநொடிக்குள் முடிகிறது.

3,000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. அப்படியானால் ஒரு டிகிரிக்கு நொடியில் 18,000-இல் ஒரு பங்கு. இரண்டு மில்லிநொடி என்பது 36 டிகிரி. சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சம் தொட வேண்டிய இடம், பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 12 முதல் 15 டிகிரி கீழே இறங்கியபோது. அங்கே தொட்டால்தான் கிராங்குக்கு நல்ல முறுக்கு கிடைக்கிறது. ஊஞ்சல் ஆட்டுபவர் பலகை திரும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில் தள்ளுவது போலத்தான் இதுவும். முந்தினால் கையில் இடிக்கும், பிந்தினால் தள்ளியது பாதி வீண். ஆகவே பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே பொறி விழுந்தாக வேண்டும். எத்தனை டிகிரி முன்னால் என்பதுதான் டைமிங்.

பொறி எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அழுத்தப்பட்ட கலவையில், பிளக்கின் அரை மில்லிமீட்டருக்கு மேலான இடைவெளியைத் தாண்ட ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். பாரடே 1831-இல் கண்டறிந்த மின்தூண்டலே வழி. காயிலின் தடித்த சுற்றில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் சேர்கிறது. அதைச் சட்டென்று துண்டித்தால் புலம் சரிந்து, பல்லாயிரம் சுற்றுள்ள மெல்லிய கம்பியில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. துண்டிக்கும் வேலையைச் செய்வது சி.பி. பாயிண்ட். பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி சேர்த்தவர் அமெரிக்காவின் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். 1910-ஐ ஒட்டி காடிலாக் வண்டிகளில் அது வந்தது. எலெக்ட்ரானிக் முறை வரும்வரை அறுபது எழுபது ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான கார்கள் இதை வைத்தே ஓடின.

காவிரிப் படுகைக்கும் இந்தக் கருவிக்கும் ஒரு தொடர்பு உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பஸ் ஓட்டத் தொடங்கியது தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில். அவர் பெயரில் வளர்ந்த டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னை பாடியில் உள்ள அந்த ஆலையின் பெயர் பொறித்த டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் இந்தியச் சாலைகளில் எத்தனையோ வண்டிகளில் ஓடின.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ற அந்தச் சிறிய உருளைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கீழே, நான்கு முனை கொண்ட கேம் சுற்றிச் சுற்றிப் பாயிண்ட்டைத் திறக்கிறது. மேலே, ரோட்டார் சுற்றி, காயிலிலிருந்து வரும் உயர் மின்னழுத்தத்தை ஒவ்வொரு பிளக் வயருக்கும் பங்கிடுகிறது. சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. இந்த எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் ரோட்டார் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுற்றும். எனவே டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பில் வயர்களையும் அதே திசையில், அதே வரிசையில் செருக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. நான்கு சிலிண்டர், 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 பொறி. நொடிக்கு நூறு முறை பாயிண்ட் திறந்து மூட வேண்டும். கூடவே இருக்கும் கண்டென்சர் ஒரு மைக்ரோ ஃபாரடில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படாமல் பாயிண்ட்டின் நடுவே சுடராக நீண்டு போகும். பாயிண்ட் கருகும், பிளக்கில் பொறி சோரும். புதிய பாயிண்ட் சில நாளில் கருகிப்போனால் கண்டென்சரைச் சந்தேகிப்பதே முறை.

டைமிங் வைக்கும் முன் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இந்த வரிசையை யார் மாற்றினாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய லூகாஸ் வகைக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், நம் ஊர்ப் பட்டறையில் ‘பதினைந்து தௌ’ என்று ஃபீலர் கேஜை எடுப்பார்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். திறக்கும் கணம்தான் பொறியின் கணம். எனவே டைமிங்கை அழகாக வைத்துவிட்டு அப்புறம் பாயிண்ட்டைத் தொட்டால் செய்தது அத்தனையும் பாழ். பாயிண்ட் மூடியிருக்கும் கோணம் ஒரு டிகிரி மாறினால் கிராங்கில் டைமிங்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி நகரும். ஓட ஓட, கேமை உரசும் பைபர் குதி தேய்ந்து இடைவெளி தானாகவே குறைகிறது. அதனால் யாரும் தொடாமலே டைமிங் மெல்லப் பின்வாங்குகிறது. “வண்டி முன்னே மாதிரி இழுக்கலை” என்பதில் பாதி இதுதான். ரோட்டாரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் கேம் தள்ளாடும், நான்கு முனையிலும் நான்கு இடைவெளி வரும். அப்போது எந்த டைமிங்கும் நிற்காது.

இனி மாட்டும் வேலை. அம்பாசடர் எஞ்சினில் கேம் ஷாஃப்டின் சாய்ந்த பற்கள் ஒரு சிறு தண்டைச் சுழற்றுகின்றன. அந்தத் தண்டின் தலையில் ஒரு காடி. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் அதில் உட்காரும் நாக்கு. காடி நடுமையத்தில் இல்லை, சற்று ஒதுங்கியிருக்கிறது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே ஒரு வழியில்தான் இறங்கும். கழற்றும்போது உடலை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தாமல், பிளேட்டைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை மட்டும் எடுத்தால் போட்டபடியே திரும்ப வந்து உட்காரும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் 180 டிகிரி தவறு எப்படி வருகிறது? அந்தச் சிறு தண்டையும் யாரோ வெளியே எடுத்திருப்பார்கள். அல்லது டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பித்தபோது அடிநாக்கைத் திருப்பி வைத்துப் பூட்டுப் பின்னை அடித்திருப்பார்கள். சில வேறு எஞ்சின்களில் பற்சக்கரம் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டிலேயே இருக்கும். இறக்கும்போது சாய்ந்த பற்கள் ரோட்டாரைத் திருகிவிடும். அதில் 13 பல் இருந்து ஒரு பல் மாறி உட்கார்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டரில் 28 டிகிரி, கிராங்கில் 55 டிகிரி பிசகு. அந்த எஞ்சின் கிளம்பவே கிளம்பாது.

எப்படிக் கலைந்திருந்தாலும் தொடக்கப்புள்ளி ஒன்றுதான்: முதல் சிலிண்டரின் பிஸ்டன், கம்ப்ரஷனில், உச்சியில். கம்ப்ரஷன் என்ற சொல்லை விட்டுவிட்டால் பாதிப் பேர் வழி தவறுவார்கள். பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது; ஒரு முறை கலவையை அழுத்தி, மறுமுறை புகையைத் தள்ளி. புல்லியின் குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். குறியை மட்டும் நம்பினால் சரியாக அமையும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பிளக்குகளைக் கழற்றி, முதல் சிலிண்டரின் துளையைக் கட்டைவிரலால் மூடி, ஹேண்டிலால் சுற்றினால் கம்ப்ரஷன் வரும்போது காற்று விரலைத் தள்ளும். வால்வு மூடியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு சாட்சி உண்டு: முதல் சிலிண்டர் எரியத் தயாராக நிற்கும்போது நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடவும் ஒன்று திறக்கவும் ஆடிக்கொண்டிருக்கும், முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

அங்கே நிறுத்தினால் ரோட்டார், கேப்பில் முதல் வயர் செருகும் இடத்தைப் பார்க்க வேண்டும். நேர் எதிரே நான்காம் வயரைப் பார்த்து நின்றால் 180 டிகிரி மாறியிருக்கிறது. சிறு தண்டையே வெளியே எடுத்திருந்தால், அதன் நடுத்துளையில் பொருந்தும் போல்ட் ஒன்றைத் திருகி, காடியைக் கிடையாக, பெரிய பகுதி மேலே வரும்படி பிடித்து இறக்க வேண்டும். பற்கள் கோர்க்கும்போது காடி கடிகாரத்துக்கு எதிராகத் திரும்பி, முகப்பில் ஏறத்தாழ ஒரு மணி காட்டும் இடத்தில் வந்து நிற்கும். நின்றதும் போல்ட்டை எடுத்துவிடலாம்.

பொறியின் கணத்தைக் கண்ணால் பார்க்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். அதன் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலிலிருந்து மெல்லிய வயர் வந்து சேரும் முனையிலும், மற்றொன்றை எஞ்சின் உடலிலும் தொடுத்து, சாவியைப் போட வேண்டும். பாயிண்ட் மூடியிருந்தால் மின்சாரம் அதன் வழியே தரைக்குப் போய்விடும், பல்பு எரியாது. திறந்த நொடியில் எரியும். கிராங்கை அது ஓடும் திசையில் மட்டுமே நகர்த்தி, அந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட டிகிரிக் குறியில் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் பின்னால் இழுத்துக் குறியில் நிறுத்தக் கூடாது; குறியையும் கடந்து நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் செயினிலும் பற்களிலும் உள்ள தளர்ச்சி இரண்டு மூன்று டிகிரியைத் தின்றுவிடும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டார் சுற்றும் திசையில் திருப்பினால் பல்பு அணையும். அங்கிருந்து எதிர்த்திசையில், இந்த எஞ்சினில் கடிகாரத் திசையில், மெதுவாகத் திருப்ப, பல்பு எரியும் அதே புள்ளியில் நிறுத்தி இறுக்க வேண்டும். ரோட்டாருக்கு எதிராக உடலைத் திருப்பினால் பொறி முந்தும், கூடவே திருப்பினால் பிந்தும். எந்த எஞ்சினுக்கும் இந்த விதி பொருந்தும். சாவியைப் போட்டபடியே நேரம் கடத்தக் கூடாது. பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும்.

நின்ற நிலையில் வைத்த இந்தச் சில டிகிரி தொடக்கம் மட்டுமே. வேகம் கூடக் கூடப் பொறி இன்னும் முந்த வேண்டும். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் பிடித்த இரண்டு எடைகள் இருக்கின்றன. சுற்றும் வேகத்தில் அவை விரிந்து கேமை முன்னால் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் கோணமும் இரண்டு மடங்காக வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் வேகம் கூடினால் சிலிண்டருக்குள் சுழலும் கூடுகிறது, தீயும் விரைகிறது. அதனால் எடைகள் கொஞ்சம் விரிந்து நின்றுவிட்டாலே போதும். இயற்கை இப்படி உதவாமல் போயிருந்தால் வேகமான பெட்ரோல் எஞ்சினே சாத்தியப்பட்டிருக்காது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டையான டப்பா வேறொரு தேவைக்கு. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துச் சமதரையில் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும். கார்பரேட்டரின் உறிஞ்சு விசை ரப்பர் டயாஃப்ரத்தை இழுத்துப் பொறியை மேலும் முன்னால் கொண்டுவருகிறது. டயாஃப்ரம் கிழிந்தால் வண்டி ஓடும், ஆனால் பெட்ரோலை அதிகம் குடிக்கும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, உள்ளே தட்டு நகர்கிறதா என்று பார்த்தால் போதும். மேடு பள்ளம் இல்லாத இந்தப் படுகையில் வண்டி பெரும்பாலும் பாதி ஆக்சிலேட்டரில்தான் ஓடுகிறது. அந்த டப்பாவின் உழைப்பு இங்கேதான் அதிகம்.

எரிபொருள் மாறினால் தீயின் வேகமும் மாறும், டைமிங்கும் மாற வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது தமிழ்நாட்டு பஸ்கள் பின்னால் அடுப்பைச் சுமந்து கரி வாயுவில் ஓடின. அந்தச் சாதனங்களை டி.வி.எஸ்.ஸும் செய்து விற்றது. கரி வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். தீ மெல்லப் பரவும். அதனால் பொறியை நன்றாக முன்னால் தள்ளி வைக்காவிட்டால் அந்த பஸ்களுக்கு இழுவை கிடைத்திருக்காது. மண்ணெண்ணெயில் நேர்மாறான தொல்லை: அது சீக்கிரம் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு பம்புசெட்டுகளில் அழுத்தத்தையே குறைத்து வைத்திருப்பது அதற்காகத்தான். அவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, ஃப்ளைவீலில் உள்ள காந்தமே பொறி தருகிறது. ஃப்ளைவீலைப் பிடிக்கும் சிறு கீ பாதி வெட்டுப்பட்டாலும் டைமிங் நகர்ந்து, கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும். வயலோரத்து டீசல் எஞ்சினுக்குப் பொறியே தேவையில்லை, அங்கே டீசல் பீய்ச்சும் கணம்தான் டைமிங். இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது தானாகப் பற்றுவதை நன்றாகவே எதிர்க்கும், ஆனால் பழைய ரப்பர் குழாய்களுக்கும் டயாஃப்ரத்துக்கும் ஆகாது. பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் டைமிங்கைவிட முதலில் குழாய்களைப் பார்க்கட்டும்.

மழைக்காலச் சிக்கலுக்கு டைமிங் காரணமே அல்ல. பூம்புகாரும் தரங்கம்பாடியும் பக்கத்தில்; கடல்காற்றின் உப்பு கேப்பின் மேல் தூசியோடு படிகிறது. ஈரம் சேர்ந்தால் அது மின்சாரம் கடத்தும் படலமாகிறது. உயர் மின்னழுத்தம் அதன் வழியே ஊர்ந்து, பேக்கலைட்டின் மேற்பரப்பைச் சுட்டுக் கரிக்கோடு போட்டுவிடும். ஈரத்தைத் துடைத்துவிடலாம்; கரிக்கோட்டைச் சுரண்டினால் மறுபடி வரும். கேப்பை மாற்றுவதுதான் வழி. ஆகவே மழையில் நின்ற வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாக்கிலிருந்து பிடுங்க வேண்டிய தேவையே இல்லை. கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் உலரத் துடைத்து, வெளிச்சத்தில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. நல்ல டைமிங்கைக் கலைத்துவிட்டு ஈரத்தைத் தேடும் பழக்கம் மாற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கடைசியில் சாலையில் ஓட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பொறி அளவுக்கு மிஞ்சி முந்தினால், தீ வந்து சேரும் முன்பே எஞ்சிய கலவை அழுத்தத்தில் தானாகப் பற்றி, சிலிண்டருக்குள் வாயுவே அதிரும். 73 மில்லிமீட்டர் விட்டத்தில் அந்த அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 7,000 முறை. காதுக்கு மெல்லிய உலோகத் தட்டல் போலக் கேட்கும். நீடித்தால் பிஸ்டன் உருகும். மிகவும் பிந்தினால் தட்டல் இருக்காது, இழுவையும் இருக்காது; எஞ்சின் சூடேறும், ரேடியேட்டரைக் குறை சொல்வார்கள். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவர்களுக்கு முந்திய பொறி மணிக்கட்டையே முறிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கச் சொல்வது அதனால்தான்.

சுமை ஏற்றிப் பார்க்க இங்கே மலை கிடையாது. ரயில்வே மேம்பாலம்தான் உண்டு. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, டாப் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டரில் பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். லேசான தட்டல் கேட்டு உடனே மறைந்தால் டைமிங் சரி. தொடர்ந்து தட்டினால் உடலை ரோட்டார் சுற்றும் திசையில் ஒரு இழை திருப்ப வேண்டும்; தட்டலே இல்லாமல் வண்டி சோர்ந்தால் எதிர்த்திசையில் ஒரு இழை. சில பழைய லூகாஸ் வகைகளில் இதற்கென்றே ‘ஏ’ (முந்த), ‘ஆர்’ (பிந்த) என்று குறித்த சிறு திருகு இருக்கிறது, கிளாம்ப்பைத் தொடவே வேண்டாம். திருகு இல்லாதவற்றில் கிளாம்ப் போல்ட்டை இறுக்கியதும் பல்பை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதே உடல் ஒரு டிகிரி நகர்ந்துவிடும். சரியாக நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலிலிருந்து பிளாக் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை கழற்றுபவருக்கு அது போதும்.